மருந்து இலவசம், கிளினிக் போவது இலவசமில்லை

இலவச வைத்தியம் என்று யாராவது மேடையில் பெருமையாகப் பேசும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு எரிச்சல் வரும். இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கட்டணத்தை நீக்கியது இந்த இலங்கை நாடு செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று. எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே ஒரு சதம் கட்டாமல் இருதய ஒப்பரேஷன் செய்துகொண்டு வந்து, இன்றைக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தி கொத்திக்கொண்டிருக்கிற ஒரு மாமா இருக்கிறார். ஒருமுறை வந்து ஒருமுறையோடு தீர்கிற நோய்க்கு இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. சீனி வருத்தம், பிரஷர், வீசிங், சிறுநீரகம் என்று சாகும்வரை கூடவே குடியிருக்கிற நோய்க்குத்தான் கணக்கு உதைக்கிறது.

என் பெரியம்மாவுக்கு சீனியும் பிரஷரும். இன்னும் செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவில், பேர் இருக்கிறது, கொழுந்து எடுக்கிறார். அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக் நாள் என்றால் விடிய நாலு மணிக்கே அடுப்பு எரியும். கிளினிக் கொப்பியை ஷொப்பிங் பேக்கில் சுற்றி, மழை படாமல் சேலைக்குள்ளே வைத்துக்கொண்டு, தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து பாதை வரைக்கும் நடை. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, ஆட்டோதான். ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் வெறும் வயிறு. நம்பர் எடுத்து வாங்கில் உட்கார்ந்து, ரத்தம் கொடுத்து, ஒரு பனிசும் பிளேன்டீயும் குடித்து, டொக்டரைப் பார்த்து, மருந்து ஜன்னலில் இன்னொரு வரிசை நின்று வெளியே வரும்போது மத்தியானம் தாண்டிவிடும். டொக்டர் பார்த்தது ஒரு நிமிஷமோ ரெண்டு நிமிஷமோ. அவரையும் குறை சொல்ல முடியாது, வெளியே நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் அவருக்கே தலை சுற்றும்.

சரி, இதில் காசு எங்கே போனது? முதலில் பேர் போனது, அதாவது அன்றைய நாள் சம்பளம். 2024இல் நாள் சம்பளம் 1350 ரூபாய் என்று ஆனபோது பட்டாசு கொளுத்தினார்கள், ஆனால் மலையில் நின்று சொன்ன கிலோக் கொழுந்தை எடுத்தவருக்குத்தான் அந்த 1350. கிளினிக்குக்குப் போன நாளுக்குப் பேர் போட்டதை எங்கள் பக்கத்தில் நான் இதுவரை பார்த்ததில்லை. பேர் இல்லையென்றால் தோட்டம் கட்டவேண்டிய ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 12 வீதமும் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் அன்றைக்கு இல்லை என்பதை நம்மில் பாதிப் பேர் யோசிப்பதேயில்லை. ஆட்டோக் கூலி இன்னொரு பேருக்குக் கிட்ட வந்துவிடும். துணைக்கு மகள் போனால் அவளுடைய பேரும் சேர்ந்து போகும். இதற்கு மேல் "இந்த மருந்து ஸ்டொக் இல்லை, வெளியில எடுங்க" என்று ஒரு துண்டு. "இந்த டெஸ்டை வெளியில செஞ்சிட்டு அடுத்த முறை ரிப்போட்டோட வாங்க" என்று இன்னொரு துண்டு. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது நாடே அலறியது. எங்களுக்கு அந்தத் துண்டு அதற்கு முன்னாலும் தெரியும், பின்னாலும் தெரியும்.

அதனால் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? மாத்திரையை மிச்சம் பிடிக்கிறார்கள். இரண்டு வேளை போடவேண்டியதை ஒரு வேளையாக்குகிறார்கள், தலைசுற்றினால் மட்டும் பிரஷர் மாத்திரை போடுகிறார்கள், ஒரே வீட்டில் புருஷனும் பெண்சாதியும் ஒரு மாத்திரைக் கார்டை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போடுகிறார்கள். கொழுந்து நிறைய இருக்கிற மாதத்தில் கிளினிக்கை அப்படியே விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அந்த மாதத்தில்தான் நாலு காசு கூடக் கிடைக்கும். அடுத்த முறை போகும்போது நர்ஸ் மிஸ்ஸிடம் ஏச்சு. "உங்களுக்கு உங்க உடம்பு மேல அக்கறை இல்லையா" என்ற கேள்வி இருக்கிறதே, அதைக் கேட்கிறவருக்கு மாதச் சம்பளம் வருகிறது, லீவு போட்டாலும் வருகிறது. அக்கறை இல்லாமலா விடிய நாலு மணிக்கு எழும்பி வருகிறார்கள்?

இப்படி விட்டது எங்கே போய் முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். சீனியையும் பிரஷரையும் வருஷக்கணக்காகக் கட்டுப்படுத்தாமல் விட்டால் கால் புண், கண், பக்கவாதம், கடைசியில் சிறுநீரகம். அப்புறம் கண்டி, பேராதனை மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்து மேல் டிவிசனிலிருந்து கண்டிக்குப் போய் வருவது முழு நாள் வேலை. டயாலிசிஸ் என்றால் வாரத்தில் இரண்டு மூன்று முறை. ரத்தம் சுத்திகரிக்கிற மெஷினுக்கு அரசாங்கம் காசு கேட்பதில்லைதான், ஆனால் அந்த மெஷின் வரைக்கும் போய்ச் சேருவதற்கு வீட்டில் தோடு இருக்கவேண்டும், அது அடகுக் கடைக்குப் போகவேண்டும். ஐந்து ரூபாய் மாத்திரையில் நிறுத்தியிருக்கக்கூடிய நோய்க்கு அரசாங்கமும்தான் பிறகு லட்சக்கணக்கில் செலவழிக்கிறது. கொழும்பில் இருந்து கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

உதவி இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். வருமானம் குறைந்த சிறுநீரக நோயாளிகளுக்கான மாதக் கொடுப்பனவை 2025இல் 7500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கினார்கள். நோயாளிகளுக்கு உதவுகிற ஜனாதிபதி நிதியத்துக்கு முன்பெல்லாம் கொழும்புக்கு அலையவேண்டும், அதே வருஷத்திலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஈடிஎஃப்பில் இருக்கிறவர்களுக்கு இருதய ஒப்பரேஷன், சிறுநீரக மாற்று, கண் வில்லை இதற்கெல்லாம் உதவி உண்டு. தோட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். தலைவர்மார் வாக்குக் கேட்டு வரும்போது இந்தப் படிவங்களில் ஒரு கட்டைக் கையோடு கொண்டு வந்தால் புண்ணியமாகப் போகும். ஆனாலும் கவனியுங்கள், இதெல்லாம் நோய் முற்றிய பிறகு வருகிற காசு. மாதா மாதம் மாத்திரை எடுக்கப் போகிறவளுக்கு இதில் எதுவும் இல்லை.

செய்யமுடியாத காரியமும் இல்லை இது. 2020இல் கொரோனா ஊரடங்கு நேரத்தில் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்கள்தானே. நெருக்கடியில் முடிந்தது இப்போது ஏன் முடியாது? எங்களுக்கு அதிலும் ஒரு சிக்கல் உண்டு, லயத்துக்கு இலக்கமும் கிடையாது, தனி முகவரியும் கிடையாது, கடிதமெல்லாம் தோட்டத்து ஒஃபீசில் போய்க் கிடக்கும், மருந்துப் பொதியும் அங்கேயே கிடந்திருக்கும். அப்படியானால் தோட்டத்துக்கே வாருங்கள். பல தோட்டங்களில் டிஸ்பென்சரிக் கட்டடம் இருக்கிறது, மருந்துக்காரர் ஐயாவும் இருக்கிறார், பிரஷர் பார்க்கவும் விரலில் குத்தி சீனி பார்க்கவும் அவருக்குத் தெரியும். மாதத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டொக்டரும் மருந்துப் பெட்டியும் வந்தால், பெரியம்மா கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும் வழியில் மருந்து எடுத்துக்கொண்டு போவார். நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்களுக்கு இரண்டு மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மண் சரிந்து பாதைகள் அடைபட்டுப் போனபோது, மாத்திரை முடிந்துபோன வீடுகளைப் பற்றி யாராவது யோசித்தார்களா?

சம்பளம் இப்போது சம்பள நிர்ணய சபையில்தான் தீர்மானமாகிறது. அங்கே உட்காருகிற தொழிற்சங்கங்கள் ரூபாயை மட்டும் பேசிவிட்டு எழும்பி வரக்கூடாது. கிளினிக் கொப்பியில் திகதியும் சீலும் இருக்கிறது, அதைக் காட்டினால் அன்றைக்குப் பேர் போடவேண்டும். குறைந்தது அரைப்பேராவது.

உங்கள் தோட்டத்தில் கிளினிக் நாளுக்குப் பேர் போடுகிறார்களா, டொக்டர் டிவிசனுக்கு வருகிறாரா என்று எழுதுங்கள். எங்கேயாவது ஒரு தோட்டத்தில் நடந்தாலும் போதும், அதைக் காட்டி எங்கள் தோட்டத்தில் கேட்பேன்.