வலைய அறுத்து விட்டவங்களையே திட்டினா எப்படி?

திமிங்கலச் சுறா (பேருலதான் திமிங்கலம், இது மீன்தான்) வலையில மாட்டின வீடியோ எது சுத்தினாலும் கீழ கமெண்ட் பூரா ஒரே பாட்டுதான், மீன்பிடிக்கிறவங்களப் புடிச்சு உள்ள போடுங்கன்னு. கடைசி வரைக்கும் பாத்தா பல வீடியோல அந்த ஆளுங்களேதான் கத்திய எடுத்து தங்களோட வலைய அறுத்து அத வெளிய விட்டுட்டு இருப்பாங்க, ஆனா அதுவரைக்கும் யாரு பாக்குறா.

மீனவங்க தப்பே பண்ணலன்னு சொல்ல வரல. 90கள்ல குஜராத்துல வேராவல் கரைப்பக்கம் இத நல்லாவே வேட்டையாடினாங்க. பெரிய கொக்கிய மாட்டி அதுல பீப்பாயக் கட்டி விட்டுருவாங்க, முங்கவும் முடியாம இழுக்கவும் முடியாம ஓஞ்சு போயிரும். அதனால அங்க அதுக்குப் பேரே 'பேரல்'. ஈரல் எண்ணெய படகுக்குப் பூசினாங்க, கறி வெளிநாட்டுக்குப் போச்சு. 2001ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில, அதாவது புலி இருக்கிற லிஸ்ட்ல இதையும் சேத்தாங்க. இந்தியாவுல ஒரு மீனுக்கு அப்படி ஒரு இடம் கிடைச்சது அதுதான் முதல் தடவ.

சரி சட்டம் வந்துருச்சு, நடுக்கடல்ல எந்த ஆபீசர் நின்னு பாக்கப்போறாரு? எனக்கு இந்தக் கதையில புடிச்சதே அதுக்கப்புறம் நடந்ததுதான். 2004ல ஒரு பிரச்சாரம் ஆரம்பிச்சாங்க, ராமகதை சொல்ற மொராரி பாபு வந்து, இது பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர்ற பொண்ணு மாதிரி, அதப்போய் கொல்லுவீங்களான்னு கேட்டாரு. 'பேரல்' போயி 'வ்ஹாலி' ஆச்சு, குஜராத்தியில செல்லம்னு அர்த்தம். வெறும் செண்டிமெண்ட்டோட விட்டிருந்தா ரெண்டு மாசம் ஓடியிருக்கும், அவ்ளோதான். அறுத்த வலைக்கு வனத்துறை காசு குடுத்துச்சு பாருங்க, விஷயம் அங்கதான் இருக்கு. காசு குடுக்க ஆபீசர் வந்து பாக்குற வரைக்கும் மீன் கிடந்து சாகுதுன்னு மீனவங்க கையிலயே கேமராவக் குடுத்து, நீங்களே போட்டோ எடுங்க, எடுத்துட்டு உடனே விடுங்கன்னாங்க. அவங்கள நம்பினாங்க. இதுவரைக்கும் 900க்கு மேல விட்டிருக்காங்க.

ஒண்ணு விட்டா என்ன பெருசான்னு நினைக்காதீங்க, இது குட்டி போடுற வயசுக்கு வரவே 25, 30 வருஷம் ஆகும். 1995ல தைவான்ல புடிச்ச ஒரு பெண் சுறா வயித்துல 300 குட்டி இருந்துச்சு, ஆனா அதுல எத்தன பொழச்சு வளரும்? உலகம் பூரா 75 வருஷத்துல பாதிக்கு மேல குறைஞ்சிருச்சுன்னுதான் 2016ல இத 'அழியும் ஆபத்துல இருக்கு'ங்கிற நிலைக்கு ஏத்தினாங்க. (இதோட முதுகுப் புள்ளி ஒண்ணொண்ணுக்கும் வேற வேற, நம்ம கைரேக மாதிரி. வானத்து நட்சத்திரக் கூட்டத்த அடையாளம் காண எழுதின கணக்க வச்சுதான் போட்டோவப் பாத்து இது இன்ன சுறான்னு கண்டுபுடிக்கிறாங்க. எனக்கு இது இன்னமும் ஆச்சரியம்.)

இப்ப என் கோவத்துக்கு வர்றேன். 2022ல ஒரு ஆய்வு, 300க்கு மேல திமிங்கலச் சுறாவுக்கு டேக் (எங்க இருக்குன்னு சிக்னல் அனுப்புற கருவி) மாட்டி, அது போற வழியையும் பெரிய கப்பல் போற வழியையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தாங்க. அது நடமாடுற இடத்துல 90 சதவீதத்துக்கு மேல கப்பலும் ஓடுது. பல டேக்கோட சிக்னல் கப்பல் நெரிசல் உள்ள இடத்துலயே நின்னு போயிருக்கு. இது மேல்தண்ணியில வாயத் தொறந்துகிட்டு மெதுவா நீந்துற ஜீவன், நூறு மீட்டர் கப்பல் வந்தா எங்க விலகும்? செத்தா திமிங்கலம் மாதிரி மிதக்கவும் செய்யாது, நேரா அடிக்குப் போயிரும். கேஸும் கிடையாது, கணக்கும் கிடையாது, கப்பல்ல இருக்கிறவனுக்கே இடிச்சது தெரியாது.

நம்ம வீட்டுக்கு வர்ற சாமான் நெறைய அந்த மாதிரி கப்பல்லதான் வருது. ஆனா நாம திட்டுறது மட்டும் சின்னப் படகுக்காரன. பிலிப்பைன்ஸ் ஒஸ்லோப்ல இறால் போட்டுப் பழக்கி தினமும் டூரிஸ்டுக்குக் காட்டுறாங்க, படகப் பாத்தா சாப்பாடுன்னு அதுவே கிட்ட வருது, உடம்புல புரொப்பெல்லர் வெட்டுத் தழும்போட. அதுக்குக் கீழ மட்டும் ஹார்ட்டு ஹார்ட்டா விழுது.

திமிங்கலத்துக்காக சில கடல்ல, இந்த மாசம் இந்த இடத்துல வேகத்தக் குறைன்னு கப்பலுக்கு ரூல் போட்டிருக்காங்க, போடவே முடியாத விஷயமில்ல. சுறா கூடுற சீசன், இடம் ஓரளவுக்குத் தெரியும். அங்க கப்பல் கொஞ்சம் மெதுவா போனா சரக்கு சில மணி நேரம் லேட்டாகும். ஒரு படகுக்காரன் தன் வலையவே அறுத்து விட்டிருக்கான், கப்பல்காரங்களால இந்த லேட்டத் தாங்க முடியாதா?