ஆளுமைச் சோதனையில் 65-ஐத் தாண்டினால் மட்டும் போதுமா?

ஆளுமைச் சோதனை முடிவை வைத்து உளவியல் சிகிச்சையின் போக்கைத் தீர்மானிக்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஆனால் பாதிதான் சரி. ஆளுமையையும் மனநலச் சிக்கல்களையும் அளக்கும் எம்எம்பிஐ-2 சோதனையில் 567 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'சரி', 'தவறு' என்று குறிக்க வேண்டும் (பொறுமை உள்ளவர்களுக்கே அலுத்துவிடும்). டி-மதிப்பெண் (சராசரியை 50 என்று வைத்துக் கணக்கிடுவது) 65-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டியது என்பார்கள். அது நோயின் பெயர் அல்ல, பேச்சைத் தொடங்க ஒரு நூல்முனை, அவ்வளவுதான். பெரும்பாலோர் சொல்லாத விடைகளை ஒருவர் எவ்வளவு சொல்கிறார் என்று காட்டும் எஃப் அளவுகோல் எகிறினால், அவர் மிகைப்படுத்துகிறார் என்று உடனே முடிவுகட்டுபவர்களும் உண்டு. தாங்க முடியாத வேதனையில் இருப்பவருக்கும் அது ஏறும்.

அதனால்தான் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் ஃபின் வகுத்த முறை எனக்குப் பிடிக்கும். உங்களைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று வந்தவரிடமே முதலில் கேட்கிறார்கள், அப்புறம்தான் சோதனை. முடிவையும் அவரோடு உட்கார்ந்தே பேசுகிறார்கள். இது எனக்குப் பொருந்தவில்லை என்று அவர் மறுத்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.