எங்க புள்ள போற?

பெரியம்மா: எங்க புள்ள போற?

புஷ்பா: பீலிக்கு, பெரியம்மா. தண்ணி புடிக்க.

பெரியம்மா: பீலிக்கா?

புஷ்பா: கையில கொடம் இருக்கே.

பெரியம்மா: கொடம் தெரியுது. கோட்டும் தெரியுது. கொடம் பீலிக்குப் போகுது, சரி. கோட்டு எங்க போகுது?

புஷ்பா: அதுவும் பீலிக்குத்தான். ரெண்டும் ஒண்ணாத்தான் கெளம்புச்சுக.

பெரியம்மா: கம்மல் வேற தொங்குது.

புஷ்பா: காதக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வர முடியல பெரியம்மா.

பெரியம்மா: ஞாயித்துக்கெழம காலையில, மலையில மூடுபனி கூட இன்னும் கலையல. ரெண்டு புள்ளைக்குத் தாயி, கோட்டு மாட்டி, கம்மல் போட்டு, கொண்டையில துணிப்பூ வச்சிக்கிட்டு நிக்கிறா. கேட்டா எங்கயும் போகலங்கிறா. ஒன் காதுல கம்மல் போட்டுக்கிட்டு எங் காதையா குத்துற?

(இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இந்தக் கேள்வியை நானே கேட்டிருக்கிறேன். அதே வாசலில் ஞாயிற்றுக்கிழமை மடிப்புக் கலையாத சேட்டு போட்டுக்கொண்டு இறங்கிப் போன ஆம்பளையை யாரும் எங்கே என்று கேட்கவில்லை. அவர் குடிக்கப் போகும் தவறணை எல்லோருக்கும் தெரியும்.)

பெரியம்மா: சரி, சொல்லாத. வீட்டு வேலைக்கு எந்த நாடு? குவைத்தா, சவூதியா?

புஷ்பா: பீலிங்கிற நாடு. விசா வேணாம். வரிசையில நின்னா போதும்.

பெரியம்மா: பணிய லயத்துல ஒருத்தி இப்பிடித்தான். மொதல்ல கம்மல மாத்துனா. பொறகு முடிய வெட்டுனா. மூணாவது மாசம் பாஸ்போட்டு வந்துருச்சு.

புஷ்பா: நான் முடிய வெட்டல பெரியம்மா. அது தானா கொட்டுது.

பெரியம்மா: புள்ளைகள யாரு பாத்துக்குவா?

புஷ்பா: பத்து நிமிசந்தானே? அதுக அப்பன் பாத்துக்குவாரு.

பெரியம்மா: ரெண்டு வருசம்டி!

புஷ்பா: ஒரு கொடத்துக்கு ரெண்டு வருசமா? தண்ணி அம்புட்டு மெதுவாவா வருது?

பெரியம்மா: நக்கலு. போற ஊருல வாயத் தொறந்துறாத. அந்த வீட்டம்மாமாருக்கு நக்கல் பிடிக்காதாம்.

புஷ்பா: எனக்கு ஊரும் இல்ல, வீட்டம்மாவும் இல்ல. இந்தக் கொடம் மட்டுந்தான் இருக்கு. வழிய விடுங்க.

பெரியம்மா: இரு, இரு. இது என்னாது? கம்பளி மாதிரி சொரசொரங்குது.

புஷ்பா: கம்பளியேதான். எங்க அப்பாயியோடது.

பெரியம்மா: அடிப்பாவி! அப்பாயி கம்பளிய வெட்டிப்புட்டியா?

புஷ்பா: பொட்டிக்குள்ள கெடந்து பூச்சி அரிச்சிக்கிட்டு இருந்துச்சு. பூச்சியப் பாத்து யாரும் அடிப்பாவின்னு சொல்லலையே.

பெரியம்மா: அதத் தலையில போட்டுக்கிட்டுத்தான்டி நாங்க மழையில கொழுந்தெடுத்தோம். நனஞ்சா ஒரு ஆட்டத் தோள்ல தூக்கிப் போட்ட மாதிரி கனக்கும். நாத்தமும் ஆடேதான். அந்த ஆட்டுக்கும் சம்பளத்துல காசப் புடிச்சிக்கிட்டாங்க.

புஷ்பா: அப்பிடிக் காசு குடுத்து வாங்குன சொத்து. எங்க அப்பாயி எனக்கு விட்டுட்டுப் போன ஒரே சொத்து. அதப் பொட்டியில வச்சிப் பூட்டுனா யாரு போடுறது? மெசின்ல தச்சேன், ரெண்டு ஊசி ஒடிஞ்சிருச்சு. பொறகு சாக்குத் தைக்கிற கோணூசிய எடுத்து, ராத்திரி ராத்திரியா கையிலயே தச்சேன். உள்பக்கம் ஒடம்புல உறுத்தும்ல, அதுக்குக் கல்யாணச் சீலை முந்திய வச்சிருக்கேன். இங்க பாருங்க, சரிகை தெரியுதா?

பெரியம்மா: சரிகைய உள்ளுக்குள்ள வச்சித் தச்சா யாருக்குடி தெரியும்?

புஷ்பா: எனக்குத் தெரியும்.

பெரியம்மா: பொத்தான்?

புஷ்பா: சிரட்டை. தேய்ச்சது மூத்தவ. கம்பியக் காய வச்சி ஓட்டை போட்டது சின்னவன். நாலாவது பொத்தான்ல ஓட்டை கோணலா இருக்கும். அதையும் அப்பிடியே வச்சித் தச்சேன். மாத்துனா அழுவான்.

பெரியம்மா: இந்தப் பை?

புஷ்பா: கோதும மா சாக்கு. கழுவிக் கழுவி எழுத்தெல்லாம் போயிருச்சு. 'நிகர எடை' மட்டும் போக மாட்டேங்குது.

பெரியம்மா: நிகர எடை எம்புட்டு?

புஷ்பா: கோட்டோடயா, கோட்டில்லாமயா?

பெரியம்மா: ...

புஷ்பா: நாள் சம்பளத்த 2024-ல 1350 ஆக்குனாங்கன்னு அம்புட்டுச் சத்தமா இருந்துச்சுல்ல? டவுனு கடையில தொங்குற ஜாக்கெட்டு வெலையக் கேட்டுட்டு, அதுக்கு எத்தன நாளு வேலைக்குப் பேரு போடணும்னு விரல் விட்டு எண்ணுனேன். ரெண்டு கையும் பத்தல. வந்து அப்பாயி பொட்டியத் தொறந்தேன்.

பெரியம்மா: நல்ல காரியம். மிச்சம் புடிக்கிறது நல்லதுதான். மிச்சம் புடிச்ச காசுல எங்க போற?

புஷ்பா: கடவுளே.

பெரியம்மா: அவரு என்னா சொன்னாரு?

புஷ்பா: கடவுளா?

பெரியம்மா: ஒம் புருசன்!

புஷ்பா: கோட்டப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. 'எங்க போற?'ன்னாரு. சோறாக்கக் குசினிக்குன்னேன். நம்பாம பின்னாலயே வந்தாரு. கல்யாணமாகி பதினோரு வருசத்துல அன்னிக்குத்தான் அவரு குசினிக்குள்ள கால வச்சாரு. 'இவ்வளவு இருட்டாவா இருக்கும்?'னு கேட்டாரு.

(வீடென்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்று. அதற்குள் ஒருவர் இன்னொருவரின் இருட்டைப் பதினோரு வருடம் பார்க்காமல் இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.)

பெரியம்மா: ஆம்பள சந்தேகப்படத்தான் செய்வான். புள்ள பெத்தவ கொஞ்சம் அடங்கி ஒடுங்கி உடுத்தணும். இந்தத் தையலு, பூவு, இதெல்லாம் புள்ளைக்குச் செய்யி. தாய்க்கு எதுக்கு?

புஷ்பா: புள்ளைக்கும்தான் செஞ்சேன். மூத்தவளப் பள்ளிக்கூடத்துல 'கழிவுப்பொருள்ல ஒரு ஆக்கம் செஞ்சிட்டு வா'ன்னாங்க. மா சாக்குல பை தச்சி, போன வருசத்து பாவாடைத் துணியில பூ வச்சி அனுப்புனேன். மத்த புள்ளைகளுக்கு டவுனுல இருந்து ஐஸ்கிரீம் குச்சி புதுப் பாக்கெட்டு, மினுமினுக்கிற தாளு, பசை எல்லாம் வாங்கிக் குடுத்திருந்தாங்க. கழிவு வாங்க 600 ரூவா! எம்மவளக் கூப்புட்டு, 'அம்மாவுக்கு வாங்கித் தர வசதியில்லையா'ன்னு கேட்டாங்களாம்.

பெரியம்மா: நீ என்னா சொன்ன?

புஷ்பா: என்னா சொல்றது? குப்பை வாங்கக்கூட வக்கில்லாத குடும்பம்னு பேராச்சு. பரிசு ஐஸ்கிரீம் குச்சிக்குப் போயிருச்சு.

பெரியம்மா: அதுக்குத்தான் சொல்றேன், நாலு பேரு மாதிரி இரு. கொழுந்தெடுக்கிறவ கொழுந்தெடுக்கிறவ மாதிரி இருக்கணும்.

புஷ்பா: எந்தக் கொழுந்தெடுக்கிறவ மாதிரி? தேயிலப் பொட்டியில நிக்கிறாளே, அவ மாதிரியா?

பெரியம்மா: அவளுக்கென்னா? லெச்சணமாத்தான் இருக்கா.

புஷ்பா: இருப்பா. செவப்புச் சீலை, மூக்குத்தி, நெத்தி நெறையப் பொட்டு, கை நெறைய வளையலு. இடுப்புல படங்கு இல்ல. கால்ல அட்டை இல்ல. மழ பேஞ்ச தடமே இல்ல. கூடைக்குள்ள எட்டிப் பாத்தா மூணு எல கெடக்கு. 18 கிலோ இல்லாட்டி அரப் பேருதான்னு எந்தக் கணக்கப்பிள்ளையும் அவகிட்ட சொன்னதில்ல. அந்த முப்பத்திரெண்டு பல்லையும் ஒலகமே பாக்குது. யாராச்சும் அவகிட்ட 'எங்க புள்ள போற?'ன்னு கேட்டாங்களா?

பெரியம்மா: அது படம்டி.

புஷ்பா: ரோட்டோரத்துல வேன நிப்பாட்டி வெள்ளைக்காரங்க படம் புடிக்கிற எடத்துல, நல்ல சீலையாக் கட்டிக்கிட்டு நிக்கிறாளுகளே, அவளுகளும் படமா? அவங்க கேமராவுக்கு உடுத்துனா அழகு. நான் எனக்கு உடுத்துனா குவைத்து.

பெரியம்மா: கோவப்படாத.

புஷ்பா: புருசனோட கிழிஞ்ச சேட்டப் போட்டுக்கிட்டு, சாக்கு இடுப்புல சுத்தி, வெள்ளன இருட்டோட மலைக்கு ஏறுறேன். வருசம் பூரா ஏறுறேன். அப்ப ஒரு நாளாச்சும் இந்த லயத்துல யாராச்சும் எங்க போறன்னு கேட்டிருக்கீங்களா?

பெரியம்மா: அப்ப எதுக்குக் கேக்கணும்? அதான் தெரியுமே.

புஷ்பா: அதத்தான் சொல்றேன்.

(பெரியம்மா தன் குடத்தை இறக்கிப் படிக்கட்டில் வைத்தார். பீலியில் முன்னால் நின்றவள் துணி அலசிக்கொண்டிருந்தாள், அவசரமில்லை.)

பெரியம்மா: எங்க பெரியக்கா புதுச் சீலை கட்டி நான் ஒரே ஒரு நாளுதான் பாத்தேன். எனக்கு அப்ப பத்து, பதினோரு வயசு. கம்மல் போட்டா, பூ வச்சா. அக்கா சிலுக்குச் சீலையில எம்புட்டு அழகு, எம்புட்டு அழகுன்னு நான் சுத்திச் சுத்தி ஓடுறேன். அன்னிக்கு ராவுல ஹட்டன் டேசன்ல கோச்சி ஏத்திவிட்டோம்.

புஷ்பா: ஒப்பாரிக் கோச்சி. அழுது அழுது அனுப்புன ரயிலு.

பெரியம்மா: அதேதான். தலைமன்னாருக்குப் போயி, கப்பலேறி, ராமேஸ்வரம். 1964-ல இலங்கை, இந்தியா ரெண்டு நாட்டுப் பெரியவங்களும் ஒக்காந்து கையெழுத்துப் போட்டாங்க. தோட்டத்து ஆளுக 5,25,000 பேரு இந்தியாவுக்குன்னு. அதுல ஒரு ஆளு எங்கக்கா. கொஞ்ச நாளு காயிதம் வந்துச்சு. பொறகு அதுவும் இல்ல. பழைய சீலை கட்டியிருக்கிற வரைக்கும் யாரும் எங்கயும் போகலடி. புதுசு கட்டுனாத்தான் எனக்கு வயித்தக் கலக்கும்.

புஷ்பா: நான் எங்கயும் போகல பெரியம்மா. சத்தியமா.

பெரியம்மா: அவளும் அப்பிடித்தான் சொன்னா. மாரியாத்தா மேல சத்தியம் பண்ணுனா.

புஷ்பா: இந்தப் பொத்தானத் தொட்டுப் பாருங்க. எம் மவன் காய்ச்சுன கம்பியில ஓட்டை போட்டது. இதப் போட்டுக்கிட்டு நான் அவன விட்டுட்டுப் போவேனா?

பெரியம்மா: மாட்ட. எனக்குத் தெரியும். நீ நல்ல புள்ள.

புஷ்பா: அப்பாடா.

பெரியம்மா: மெசின யாருகிட்ட குடுத்துட்டுப் போற?

புஷ்பா: எந்த மெசினு?

பெரியம்மா: தையல் மெசினு. ரெண்டு வருசம் சும்மா கெடந்தா துருப்புடிச்சிரும். எம் மருமவ கேட்டா. ஊசி ஒடச்சா நான் வாங்கி வச்சிர்றேன்.

புஷ்பா: பெரியம்மா!

பெரியம்மா: அங்க போனதும் பெரிய கம்பளி ஒண்ணு அனுப்பு. ஒட்டகம் போட்டதா இருக்கட்டும்.

புஷ்பா: நான் பீலிக்குப் போறேன். பீ, லி.

பெரியம்மா: (கீழே எட்டிப் பார்த்து) ஏய்! அந்தத் துணியெல்லாம் எடுங்கடி! புஷ்பா வர்றா, அவளுக்கு வழிய விடுங்க!

(கீழேயிருந்து என்னவோ சத்தம்.)

பெரியம்மா: எங்கன்னு சொல்ல மாட்டேங்கிறா! கோட்டெல்லாம் போட்டாச்சு! தூரம் போறவ, மொதல்ல புடிச்சிக்கட்டும்! ...போ புள்ள. எல்லாரும் வெலகிட்டாளுக. அங்க பாரு, ஏழு கொடத்தையும் ஒதுக்கி வச்சிட்டாளுக.

புஷ்பா: ஏழு கொடத்தையுமா?

பெரியம்மா: இல்லாட்டி ஒனக்கு முக்கா மணி நேரமாகும். ஒரு வார்த்த சொல்லு, ஆத்தாட்ட சொல்ற மாதிரி. எங்க புள்ள போற?

புஷ்பா: குவைத்துக்கு, பெரியம்மா. அந்தச் சின்னக் கொடத்தையும் எடுத்துக் குடுங்க.