'முதல் பாகத்தை மறந்துட்டுப் பாருங்க' என்பவர்களுக்கு

இரண்டாம் பாகம் ஒன்று வெளியாகி, மதியக் காட்சி முடிவதற்குள் எதிர்ப்பு கிளம்பிவிட்டால் போதும், அந்த நடிகரின் ரசிகர்களிடமிருந்து தவறாமல் ஒரு வேண்டுகோள் வரும். "முதல் பாகத்தை மறந்துட்டு, தனிப்படமா, நடுநிலையாப் பாருங்க. நல்லாத்தான் இருக்கு." எதிர்க்கிறவர்களும் விடுவதில்லை. "நாங்க நடுநிலையாத்தான் சொல்றோம், படம் மொக்கை" என்பார்கள். ஆளுக்கொரு நடுநிலை. 'இந்தியன் 2' வந்த 2024 ஜூலையில் என் நட்பு வட்டத்தில் இந்தச் சண்டை வாரக்கணக்கில் ஓடியது. அப்போதிலிருந்து சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

மறந்துவிட்டுப் பாருங்கள் என்று கேட்கும் உரிமை இரண்டாம் பாகத்துக்குக் கிடையாது. அதே தலைப்பு, அதே வேடம், பக்கத்தில் ஒரு எண். இதெல்லாம் நம் நினைவை நம்பி வைத்தவை. முதல் நாள் டிக்கெட் விற்றதே அந்த நினைவால்தான். முதல் 'இந்தியன்' படத்தின் நாயகன் சேனாபதியின் பெயர் 1996-லேயே நமக்குள் இறங்கியிருக்காவிட்டால், அந்த வேடத்தில் கமல் திரையில் வரும்போது கைதட்ட என்ன காரணம் இருக்கிறது? வசூலுக்கு என் நினைவு வேண்டும், தீர்ப்புக்கு மட்டும் அது கூடாது என்றால் எப்படி?

'சாமி ஸ்கொயர்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ல் வந்த 'சாமி'யில் புவனாவாக த்ரிஷா. 2018-ல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே புவனாவாக ஐஸ்வர்யா ராஜேஷ். அவர் எவ்வளவு நல்ல நடிகை என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'சாமி'யே பார்க்காத ஒருவர் இந்தப் படத்துக்குப் போனால், புவனா வரும் காட்சியில் அவர் கண்ணுக்கு எந்தக் குறையும் படாது. பார்த்தவருக்கோ அந்தக் குடும்பமே வேறு யாரோ வீடாகிவிடுகிறது. ஆறுச்சாமி அதே விக்ரம், எதிரே நிற்பவர் வேறு ஆள். ஹாரிஸ் ஜெயராஜின் இசையும் இல்லை, தேவி ஸ்ரீ பிரசாத் வந்துவிட்டார். அப்படியானால் குறை படத்தில் இருக்கிறதா, பார்ப்பவர் மனதில் இருக்கிறதா? இரண்டு படங்களுக்கும் நடுவில் இருக்கிறது என்பேன். அந்த இடத்தை உண்டாக்கியது நாம் இல்லை, தலைப்பிலேயே 'ஸ்கொயர்' போட்டவர்கள். ஆகவே அதுவும் படத்தின் குறைதான். "உன் நாஸ்டால்ஜியா" என்று ரசிகன் தலையில் கட்டிவிட்டுப் போக முடியாது.

சரி, அப்படியென்றால் எல்லாமே அவரவர் உணர்ச்சி, பேசவே வழியில்லையா? நிறைய இருக்கிறது. 'இந்தியன் 2' பற்றிய சண்டையில் பாதி நேரம் சேனாபதியின் வயதிலேயே போனது. நேதாஜியின் ராணுவத்தில் இருந்தவருக்கு 2024-ல் நூறு தாண்டியிருக்குமே, எப்படி அடிக்கிறார் என்றார்கள். என்னைப் பொறுத்தவரை அது பெரிய விஷயமே இல்லை. வர்மக்கலையால் ஆளை அப்படியே உறைய வைப்பதை முதல் பாகத்தில் ரசித்தவர்கள்தானே நாம். ஊழலை உன் வீட்டிலிருந்தே களையெடு என்ற இரண்டாம் பாகத்தின் மையமும் நல்ல மையம்தான். முதல் பாகத்தின் உயிரே அதுதான். பெற்ற மகனையே கொன்ற மனிதன் வந்து அதைச் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

பிறகு ஏன் தைக்கவில்லை? முதல் பாகத்தில் மகள் கஸ்தூரியை நாம் வீட்டுக்குள் பார்த்துவிட்டோம். அந்த வீட்டின் சிரிப்பும் செல்லமும் நமக்குப் பழகிவிட்டது. அதற்கப்புறம்தான் தீக்காயத்தோடு அவளைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். லஞ்சம் கொடுத்தால் பிழைப்பாள். அப்பா கொடுக்க மாட்டார். அந்த இடத்தில் அவர் மேல் நமக்குக் கோபமே வருகிறது. அதுதான் அந்தப் படத்தின் துணிச்சல். கதாநாயகனின் நேர்மைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று காட்டிவிட்டுத்தான் கத்தியை எடுக்க வைத்தது. இரண்டாம் பாகத்திலும் மகன் அப்பாவின் ஊழலை அம்பலப்படுத்துகிறான், அம்மா உயிரை விடுகிறார். தாளில் எழுதிப் பார்த்தால் அதே கனம். ஆனால் அந்த அம்மாவோடு நாம் எத்தனை நேரம் இருந்தோம்? நான்கு இளைஞர்கள், நான்கு வீடுகள், எல்லாம் அவசர அவசரமாகக் கடந்துபோகின்றன. வெளியான பிறகு 12 நிமிடம் குறைத்தார்கள். நீளம் குறைந்தது. அந்த வீட்டுக்குள் நாம் செலவிட வேண்டிய நேரம் எங்கிருந்து வரும்?

இப்படிக் காட்சியைக் காட்டிப் பேசும்போது, எனக்குப் படம் பிடித்ததா என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. நீங்களும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு "இல்லை, எனக்கு அந்த அம்மாவைத் தெரிந்தது" என்று மறுக்கலாம். அப்போது நமக்குள் ஒரு பேச்சு தொடங்குகிறது. அது போதும்.

முன்கதைகளின் பாடு இன்னும் கஷ்டம். முடிவு நமக்கு ஏற்கெனவே தெரியும். 2007 'பில்லா'வில் தாதா டேவிட் பில்லா எங்கிருந்து வந்தான் என்று விலாவாரியாகச் சொல்லவில்லை. கறுப்புக் கண்ணாடி, கோட், குறைந்த பேச்சு, அவ்வளவுதான். சொல்லாமல் விட்டதில்தான் அவன் கம்பீரம் இருந்தது. 2012-ல் 'பில்லா 2' அதைச் சொல்ல வந்தது. இலங்கையிலிருந்து அகதியாக வந்து இறங்குகிறான் என்று தொடங்கியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த ஒரு விஷயம் முழுப் படத்துக்கும் போதுமானது. ஆனால் படம் முகாமைச் சீக்கிரமே விட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டது. அன்று திட்டியவர்களில் பலரே இன்று தன் வாழ்க்கையைத் தானே 'செதுக்கின'தாகப் பில்லா சொல்லும் வசனத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். அன்று பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன்களுக்கு அதுதான் முதல் பில்லா. அவர்கள் பார்வையும் பொய்யில்லை.

இதன் பெரிய வடிவம் 'ஸ்டார் வார்ஸ்'. 1977-ல் தொடங்கிய கதைக்கு 1999 முதல் 2005 வரை மூன்று முன்கதைப் படங்கள் வந்தபோது, பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். அவற்றைச் சிறுவயதில் பார்த்த தலைமுறை வளர்ந்து, இன்று அவற்றைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. 1980-ல் வந்த இரண்டாவது படத்துக்கும் முதலில் கலவையான விமர்சனம்தான். இன்று அந்த வரிசையிலேயே சிறந்தது என்று பலர் சொல்வது அதைத்தான். தீர்ப்பு மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் 1999 படத்தில் ஜார் ஜார் பிங்க்ஸ் என்ற கோமாளிப் பாத்திரத்தில் நடித்த அகமது பெஸ்ட், தன் மேல் விழுந்த வெறுப்பால் தற்கொலையின் விளிம்பு வரை போனதாக 2018-ல் வெளிப்படையாகச் சொன்னார். அன்று அவரைத் திட்டியவர்களும் உண்மையைத்தான் சொல்கிறோம் என்று நம்பியிருப்பார்கள். 'இது என் ரசனை இல்லை, இதுதான் உண்மை' என்று நம்பத் தொடங்கிய ரசிகனுக்கு எதிரே இருப்பவன் மனிதன் என்பதே மறந்துவிடுகிறது. எனக்கு உண்மையான பயம் அதில்தான். நம் ஊரிலும் இரண்டாம் பாகம் தோற்றால் கதாநாயகியையும் இசையமைப்பாளரையும் வரிந்துகட்டிக்கொண்டு திட்டுகிறோம்.

நினைவின் பாரம் குறைந்த இடத்தில் எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்று பாருங்கள். 2022 'விக்ரம்' 1986 படத்தின் உளவாளியை எடுத்துக்கொண்டது. கூட்டத்தில் பெரும்பாலோருக்குப் பழைய படம் மனதில் இல்லை, ஒப்பிட ஆளே இல்லை. 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' பெயரையும் அடிப்படை அமைப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு வேறு காலத்துக்கு, வேறு மனிதர்களிடம் போய்விட்டது. யாருக்கும் ஏமாற்றப்பட்ட உணர்வு வரவில்லை.

ஆகவே என்னிடம் நடுநிலை கேட்காதீர்கள். படம் வருவதற்கு முன்பே என் எதிர்பார்ப்பு என்ன என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். அது என்னால் முடியும். நீங்களும் சொல்லுங்கள். பார்த்த பிறகு காரணம் தேடுவதைவிட அது நேர்மையானது.

'கைதி 2'க்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பாட்டு இல்லாமல், ஒரே ராத்திரியில், மகள் முகத்தைப் பார்ப்பதற்காக ஒருவன் லாரி ஓட்டிய கதை முதல் பாகம். அடுத்த பாகத்தில் எத்தனை துப்பாக்கி வந்தாலும், 'விக்ரம்' பட ஆட்கள் அத்தனை பேரும் வந்து நின்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த மகள் அமுதா நான்கு காட்சியில் தலைகாட்டிவிட்டு, யாராவது கடத்திக்கொண்டு போவதற்காக மட்டும் இருக்கிறாள் என்றால், சண்டைக் காட்சிகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எனக்கு அது தோற்ற படம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கீழே எழுதுங்கள். படம் வந்ததும் இதே பதிவில் வந்து பேசலாம்.