200 சதவீத ஒளி: கரண்ட் பில் குறையுமா?

"நானோ படிகத்தில் இட்டர்பியம் கலந்தால் 200 சதவீத ஒளி கிடைக்கும், இனி கரண்ட் பில்லே வராது" என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் செய்தியில் எண் மட்டும் ஏறக்குறைய சரி. அதற்குக் கொடுக்கும் அர்த்தம் முற்றிலும் தவறு.

அந்தச் சதவீதம் ஆற்றலைக் குறிப்பதன்று, ஒளித்துகள்களின் எண்ணிக்கையைக் குறிப்பது. அருமண் உலோகமான இட்டர்பியத்தின் அயனி (மின்னேற்றம் பெற்ற அணு) தானாக ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால், அது கலந்திருக்கும் சீசியம் ஈயக் குளோரைடு என்னும் குறைக்கடத்திப் படிகம் சுமார் 3 எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) ஆற்றலுள்ள ஓர் ஒளித்துகளை வாங்கி, அந்த ஆற்றலை இரண்டு அயனிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வோர் அயனியும் சுமார் 1.25 எலக்ட்ரான் வோல்ட் ஒளித்துகளை வெளியிடுகிறது, கூட்டினால் 2.5தான், எஞ்சியது வெப்பமாகப் போய்விடுகிறது. ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து இரண்டு இருநூறு ரூபாய்த் தாள் வாங்கியவருக்குத் தாள்தான் கூடியது, பணம் அன்று.

மேலும், வெளிவருவது சுமார் 1000 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. டிவி ரிமோட்டின் முனை வெறுங்கண்ணுக்கு இருட்டாகவும், பல செல்போன்களின் முன்கேமராவில் மினுங்கியும் தெரிகிறதே, ஏறக்குறைய அவ்வகை ஒளிதான் இதுவும். ஆகவே டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் இதை விளக்காகத் தேடுவது வீண். சிலிக்கான் அந்த ஒளியை உறிஞ்சி மின்சாரமாக்கும் என்பதால், சூரியத் தகடுகளின் மேற்பூச்சாக இதைப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடக்கின்றன. அங்கும் முதல் போடுவது வெயில்தான்.