நிக்கோடிமஸ் ஊர்ப் பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் முதலில் போய்க் குடியேறியவர்களின் பள்ளிக்கூடம் என்று பேச்சு வந்தால் எல்லோர் மனதிலும் ஒரே படம்தான். சிவப்புச் சாயம் அடித்த ஒற்றை அறைக் கட்டடம், மேலே ஒரு மணி, வாசலில் ஒரு வெள்ளைக்கார டீச்சர். அந்தப் படத்தில் கறுப்பின மக்கள் இருக்கவே மாட்டார்கள். இது எனக்குப் பெரிய ஆதங்கம். ஏனென்றால் கான்சாஸ் மாநிலத்தின் கிரஹாம் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) முதல் அரசுப் பள்ளியை 1879-ல் தொடங்கியவர்களே கறுப்பின மக்கள்தான், அதுவும் அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்து 14 வருடங்களே ஆகியிருந்த நேரத்தில். ஊர் பெயர் நிக்கோடிமஸ்.

1877-ல் உருவான ஊர் அது. வந்தவர்களில் பெரும்பாலோர் கென்டக்கிக்காரர்கள். அங்கே விடுதலை கிடைத்ததே தவிர நிலம் கிடைக்கவில்லை, வெள்ளையர்களின் வன்முறையும் ஓயவில்லை. மேற்கே போனால் 1862-ன் குடியேற்ற நிலச் சட்டப்படி அரசு நிலத்தில் 160 ஏக்கர் எடுக்கலாம், ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்தால் சொந்தமாகிவிடும் என்பதை நம்பிக் கிளம்பினார்கள். எல்லிஸ் என்ற இடத்தில் ரயிலை விட்டு இறங்கினால் அங்கிருந்து இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். 1878-ல் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி பிற்காலத்தில் சொன்னது பதிவாகி இருக்கிறது: கூட வந்தவர்கள் "அதோ நிக்கோடிமஸ்" என்று கத்த, இவர் எங்கே எங்கே என்று தேடுகிறார், ஒரு வீடுகூடக் கண்ணில் படவில்லை. கணவர் கை காட்டிய பக்கம் பார்த்தால் தரைக்குள்ளிருந்து புகை வருகிறது. சனங்கள் மண்ணுக்குள் குழி வெட்டிக் குடியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டாராம்.

அது மரமே இல்லாத பூமி. சரிவில் குடைந்து, கிடைத்த கட்டைகளைக் குறுக்கே போட்டு, வேரோடு வெட்டிய புல்மண்ணை மேலே அடுக்கினால் அதுதான் வீடு. அடுப்புக்குக் காட்டெருமைச் சாணி வறட்டியும் சூரியகாந்தித் தண்டும். முதல் குளிர்காலத்தில் பட்டினி கிடந்தபோது, வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் உணவைப் பகிர்ந்துகொண்டதால்தான் பிழைத்தோம் என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

இந்த நிலைமையில்தான் வகுப்பு ஆரம்பமாகிறது. ஊரின் முதல் ஆசிரியை ஜென்னி ஸ்மித் ஃபிளெட்சர். பள்ளிக்கென்று கட்டடம் ஏது, குடியிருக்கும் குழிவீட்டிலேயேதான் பாடம். முதலில் சோறு, அப்புறம் படிப்பு என்று நம் பக்கத்திலும் நிறையப் பேர் சொல்வார்கள், அது ஏதோ யதார்த்தம் போலவும் தோன்றும். ஆனால் ஜார்ஜியா, வடக்கு கரோலினா மாதிரி மாநிலங்களில் அடிமைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதே சட்டப்படி குற்றமாக இருந்தது. கென்டக்கியில் அப்படிச் சட்டம் இல்லை, ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு வாய்ப்பே வாய்க்கவில்லை. அப்படி மறுக்கப்பட்டவர்களிடம் போய் எது முதலில், எது அப்புறம் என்று வரிசை சொல்ல யாருக்கும் தகுதி இல்லை என்பதுதான் என் கருத்து.

இன்னொன்றும் முக்கியம். டவுன்ஷிப் என்று அளந்து பிரித்த ஒவ்வொரு நிலப்பகுதியிலும் இரண்டு சதுர மைல் நிலத்தைப் பள்ளிக்கென ஒதுக்க வேண்டும் என்று கான்சாஸில் விதி இருந்தது. ஆனால் நிலத்தை ஒதுக்கினால் மட்டும் பள்ளி வந்துவிடுமா? ஊர்க்காரர்கள் கூடிப் பள்ளி மாவட்டம் அமைக்கணும், மூன்று பேர் குழுவைத் தேர்ந்தெடுக்கணும், தங்களுக்குத் தாங்களே வரி போட்டு டீச்சருக்குச் சம்பளம் கொடுக்கணும். பள்ளிக் கூட்டங்களில் ஓட்டுப் போடும் உரிமை கான்சாஸ் பெண்களுக்கு 1861-லேயே இருந்தது. நேற்றுவரை இன்னொருவரின் சொத்தாக எண்ணப்பட்ட சனங்கள் கணக்கு எழுதி, வரி வசூலித்து, தங்கள் டீச்சரைத் தாங்களே நியமித்தார்கள் என்றால் அது ஓர் அரசாங்கத்தையே நடத்திக் காட்டியதற்குச் சமம்.

அதே 1879-ல் வேறு இரண்டும் நடந்தன. பென்சில்வேனியாவின் கார்லைல் என்ற ஊரில், ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பிராட் பழங்குடிப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி திறந்தார். பிள்ளைகளின் முடியை வெட்டி, பெயரை மாற்றி, தாய்மொழியில் பேசத் தடை போட்ட பள்ளி அது. அதுவும் பள்ளிக்கூடம்தான். பள்ளி திறந்தார்கள் என்று மட்டும் சொல்லி ஒரு வரலாற்றைப் புகழ முடியாது, அது யார் கையில் இருந்தது, யார் கேட்டு வந்தது என்று பார்த்தே ஆகணும்.

இரண்டாவது விஷயம் கான்சாஸிலேயே நடந்தது. பெரிய நகரங்கள் ஆரம்பப் பள்ளிகளில் கறுப்புப் பிள்ளைகளைத் தனியே பிரித்து வைக்கலாம் என்று மாநிலச் சட்டமே அந்த வருடம் அனுமதி கொடுத்தது. டொபீகா நகரின் தனித்தனிப் பள்ளிகள் அப்படி நடந்தவைதான். அதை எதிர்த்துப் போன பிரவுன் வழக்கில், பிள்ளைகளை இப்படிப் பிரிப்பது செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 75 வருடம் ஆயிற்று. அந்தத் தீர்ப்பு உலகத்துக்கே தெரியும். அதே மாநிலத்தில் தாங்களே பள்ளி கட்டிக்கொண்ட நிக்கோடிமஸ் எத்தனை பேருக்குத் தெரியும்?

1888-ல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, கடைகள் அங்கே நகர்ந்தன, ஊர் சிறுத்தது. ஆனால் பள்ளியை விடவில்லை, 1918-ல் புதிதாக ஒன்று கட்டினார்கள். அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது, 1996 முதல் ஊர் தேசிய வரலாற்றுத் தலம். அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் கான்சாஸ் வழியாகக் காரில் போனால், வேகத்தைக் கூட்டி அந்த மாநிலத்தைத் தாண்டிவிடாமல் 24-ம் எண் நெடுஞ்சாலைக்குத் திரும்பிப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள்.