மறுபடியும் கிராண்ட் ஜங்ஷன்

ஹூஸ்டனில் எங்கள் பக்கம் சான் ஜசின்டோ கல்லூரி பேஸ்பால் அணியைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு பதில் தயாராக இருக்கும். "நல்ல டீம்தான். ஆனா 1990-க்கு அப்புறம் ஒரு தடவைகூட தேசியக் கோப்பை ஜெயிக்கலையே." பல வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது. அதற்கு இன்றைக்காவது விரிவாகப் பதில் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக. சான் ஜசின்டோ ஒரு கம்யூனிட்டி காலேஜ். அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டு வருடக் கல்லூரி. உள்ளூர் மக்களின் வரிப்பணத்தில் நடப்பது, கட்டணம் குறைவு, யார் வேண்டுமானாலும் சேரலாம். இந்தக் கல்லூரிகளுக்கென்று தனியாக ஒரு தேசிய பேஸ்பால் போட்டி இருக்கிறது. ஜூகோ (ஜூனியர் காலேஜ் என்பதன் சுருக்கம்) வேர்ல்ட் சீரிஸ் என்பார்கள். 1958-இல் ஓக்லஹோமாவில் தொடங்கியது. மறு ஆண்டே கொலராடோ மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊருக்குப் போனது. அன்றிலிருந்து அதுதான் அதன் வீடு. ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் நாடு முழுவதிலுமிருந்து பத்து அணிகள் அங்கே போய் இறங்கும்.

எங்கள் சான் ஜாக் (உள்ளூரில் அப்படித்தான் கூப்பிடுவோம்) அந்த ஊருக்கு இருபது தடவைக்கு மேல் போயிருக்கிறது. 1985, 1986, 1987, 1989, 1990 என்று ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை கோப்பை. அதற்கப்புறம் பலமுறை போய், கடைசி ஆட்டம் வரை நின்று, வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது. 2016-இல் இறுதி ஆட்டத்தில் யாவபாய் கல்லூரியிடம் தோல்வி. 2017-இல் மறுபடியும் இறுதி ஆட்டம், இந்த முறை புளோரிடாவின் சிப்போலா கல்லூரியிடம் தோல்வி. இதைத்தான் எல்லோரும் குறையாகச் சொல்கிறார்கள். நான் இதைத்தான் பெருமை என்கிறேன்.

ஏன் என்று கேளுங்கள். ஒரு பையன் இந்த அணியில் இருக்கப்போவது அதிகபட்சம் இரண்டு சீசன். பலர் ஒரே சீசனில் பெரிய பல்கலைக்கழகத்துக்கோ தொழில்முறை அணிக்கோ போய்விடுவார்கள். நாலு வருடக் கல்லூரியில் சேர்ந்தவனை மூன்று வருடம் முடிவதற்குள், அல்லது 21 வயது ஆவதற்குள், மேஜர் லீக் (நாட்டின் உச்சத் தொழில்முறை பேஸ்பால்) அணிகள் டிராஃப்டில், அதாவது புது ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில், எடுக்க முடியாது. இங்கே அந்தத் தடையே இல்லை. எந்த வருடமும் கொத்திக்கொண்டு போகலாம். அதனால் நல்ல பையன்தான் முதலில் போவான். 1985-இல் கோப்பை வாங்கிய பையன்களை 1987-இல் அந்த மைதானத்தில் தேடினால் கிடைத்திருக்க மாட்டார்கள். 1990-இல் வென்றவர்கள் 1985-இல் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். ஆக அந்த ஐந்து கோப்பையும் ஒரே அணி வாங்கியது இல்லை. சீருடை ஒன்று, ஆட்கள் வேறு. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அடுப்பை அணைத்து, சாம்பலை அள்ளிவிட்டு, முதலிலிருந்து பற்றவைக்கிற வேலை அது.

அப்படியிருக்க, ஒரு தடவை வென்றவர்களை அந்த வருடத்துப் பையன்களின் அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்லிவிடலாம். இருபது தடவைக்கு மேல் போவதை அப்படிச் சொல்ல முடியுமா? அங்கே நிலைத்து நிற்பது ஒரு கல்லூரியின் பழக்கம், ஒரு பயிற்சியாளரின் பொறுமை. ஆகவே கோப்பையை எண்ணுவதைவிட, எத்தனை தடவை போனார்கள் என்று எண்ணுவதுதான் இந்த விளையாட்டில் நியாயமான கணக்கு.

போவதும் லேசில்லை. டெக்சாஸில் பதினான்காம் மண்டலம் என்று ஒன்று இருக்கிறது. சான் ஜாக் அதில்தான் ஆடுகிறது. அதே மண்டலத்து நவாரோ கல்லூரி 2011-இல் தேசியக் கோப்பை வாங்கியது, பிளின் கல்லூரி 2024-இல் வாங்கியது. வீட்டு வாசலைத் தாண்டவே இவர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். பக்கத்து மண்டலத்தில் இருக்கும் ஹவர்ட் கல்லூரி 2009-இல் 63 ஆட்டம் ஜெயித்து ஒன்றே ஒன்றில் தோற்றுக் கோப்பை வாங்கிய கூட்டம். டெக்சாஸ் இப்படிப்பட்ட இடம்.

வாசலைத் தாண்டிச் சாலை வழியே ஆயிரம் மைலுக்கு மேல் போனால் வேறொரு உலகம். ஹூஸ்டன் கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஊர், காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். கிராண்ட் ஜங்ஷன் ஏறக்குறைய 4,600 அடி உயரத்தில், வறண்ட காற்றில். அங்கே அடித்த பந்து இன்னும் கொஞ்சம் தூரம் போகும், பிட்சர் (பந்து வீசுபவர்) வீசும் வளைபந்து அவ்வளவாக வளையாது. இங்கே எளிதாகப் பிடிபட்டிருக்கும் பந்து அங்கே வேலியைத் தாண்டி ஹோம் ரன் ஆகிவிடும். போட்டி முறையும் கொடுமையானது. இரண்டு தடவை தோற்றால் வெளியே. ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஐந்தாறு ஆட்டம். எவ்வளவு பெரிய பிட்சராக இருந்தாலும் ஒருவனை வைத்து ஒப்பேற்ற முடியாது. கடைசியில் பேர் தெரியாத நாலாவது பிட்சரின் தோள்தான் தீர்மானிக்கும்.

எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் ஒருவனை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு, பின்னாளில் மேஜர் லீக் நட்சத்திரமான பிரைஸ் ஹார்ப்பரின் அணிக்கு 2010-இல் அங்கே நடந்ததே சாட்சி. பதினேழு வயதில், பள்ளிப்படிப்பைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு தெற்கு நெவாடா கல்லூரியில் சேர்ந்து, மர பேட்டால் 31 ஹோம் ரன் அடித்தவன். கிராண்ட் ஜங்ஷன் போட்டியில் நடுவர் தீர்ப்பு பிடிக்காமல் மண்ணில் பேட்டால் கோடு கிழித்ததற்காக வெளியேற்றப்பட்டான். அடுத்த ஆட்டத்தில் அவன் இல்லை, அணியும் தோற்று ஊர் திரும்பியது. சில நாளிலேயே நாட்டின் முதல் ஆளாக டிராஃப்டில் எடுக்கப்பட்டான் என்பது வேறு கதை.

சான் ஜாக்கை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் பயிற்சியாளர் வேய்ன் கிரஹாம். மேஜர் லீக்கில் மொத்தமே 30 ஆட்டம் ஆடியவர். பிறகு பள்ளிக்கூடங்களில் பயிற்சி கொடுத்து, நாற்பதைத் தாண்டிய பிறகு, 1981 சீசனில்தான் இந்த வேலைக்கு வந்தார். அந்த முதல் வருடப் பையன்களில் ஒருவன், பின்னாளில் மேஜர் லீக்கின் பெரிய பிட்சர்களில் ஒருவனான ரோஜர் கிளெமன்ஸ். கடைசி வருடம் 1991-இல் அவரிடம் இருந்தவன் ஆண்டி பெட்டிட். பக்கத்து ஊரான டீர் பார்க்கில் படித்த பையன். மேஜர் லீக்கின் யாங்கீஸ் அணி அவனை டிராஃப்டில் 22-ஆவது சுற்றில்தான் எடுத்தது. ஒரு வருடம் சான் ஜாக்கில் ஆடிவிட்டுக் கையெழுத்துப் போட்டான். பிறகு மேஜர் லீக்கில் பிட்சராக 256 வெற்றி. கிரஹாம் இங்கிருந்து ரைஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், 2003-இல் அவர்களுக்குத் தேசியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். எந்த விளையாட்டிலும் அந்தப் பல்கலைக்கழகம் வாங்கிய முதல் தேசியக் கோப்பை அது. கோடீஸ்வரப் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு வெற்றி எப்படி என்று கற்றுக்கொடுக்கக் கம்யூனிட்டி காலேஜிலிருந்து ஒரு மனிதர் போனார். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்றால், போன மாதம் தெரிந்தவர் வீட்டு விசேஷத்தில் ஒரு நண்பர் என்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார், "பையன் கம்யூனிட்டி காலேஜ்ல சேர்ந்திருக்கான். இப்போதைக்குத்தான். யார்கிட்டயும் சொல்லிக்கல." குரல் அப்படி இறங்கிப்போயிருந்தது. பையன் பத்தடி தள்ளி, கையில் பாயசக் கிண்ணத்தோடு நின்றிருந்தான். அவன் காதில் விழுந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நம்மவர்கள் நடுவில் இது ஏதோ வழுக்கி விழுந்த கதை மாதிரி பேசப்படுகிறது. இது தவறு. இரண்டு வருடம் கடன் இல்லாமல் படித்து, வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு, பிறகு நல்ல பல்கலைக்கழகத்துக்கு மாறுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அந்த நண்பரையும் பையனையும் பிப்ரவரியில் ஒருநாள் ஆட்டத்துக்கு அழைத்துப் போனேன். கல்லூரியின் வடக்கு வளாகம், ஆண்டி பெட்டிட் பேரிலேயே இருக்கும் மைதானம். பெற்றோர்கள் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார்கள். ஆட்டம் முடிந்தது, எதிரணியின் பஸ் கிளம்பியது. நாங்கள் எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் ஆடியவர்கள் இன்னும் போகவில்லை. ஒருவன் பிட்சர் மேட்டில் குழிந்த இடத்தில் ஈரக் களிமண்ணைப் போட்டு, நம் ஊர் திமிசுக்கட்டை மாதிரி ஒன்றால் இடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஆறு இன்னிங்ஸ் வீசியவன் அவன். இன்னும் இரண்டு பேர் வாரியால் மண்ணைச் சமன் செய்தார்கள்.

"இதுக்கெல்லாம் ஆள் வைக்க மாட்டாங்களா அங்கிள்?" என்று நண்பரின் பையன் கேட்டான்.

"இவங்கதான் ஆள்," என்றேன்.

அவன் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேட்டில் இடித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, ஷூ நுனியால் மண்ணை ஒருமுறை அழுத்திப் பார்த்தான். போதவில்லை போல. இன்னொரு கை களிமண் எடுத்துப் போட்டு, மறுபடியும் இடிக்க ஆரம்பித்தான்.